கட்டாத வீட்டுக்கு ஒதுக்கிய தண்ணீர்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகரத்துக்குத் தெற்கே சுமார் 55 கிலோமீட்டர் தள்ளி மாரிகோப்பா என்றோர் ஊர் இருக்கிறது. பினால் மாவட்டத்தைச் சேர்ந்தது. 2000-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கே 1,040 பேர் இருந்தார்கள். 2010-ல் 43,482 பேர். பருத்தியும் குதிரைமசால் என்ற மாட்டுத்தீவனமும் விளைந்த நிலத்தில் ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஓட்டு வீடுகள் வரிசை வரிசையாக எழும்பின. "கடன் கட்டுப்படியாகும் வரைக்கும் காரை ஓட்டு" என்று அந்நாட்டு ரியல் எஸ்டேட்காரர்கள் சொல்வார்கள். ஃபீனிக்ஸுக்குள் வீடு வாங்க வருமானம் போதாதவர்கள் அப்படி ஓட்டிக்கொண்டே வந்து சேர்ந்த இடங்களில் இதுவும் ஒன்று.

2006-ன் நடுவில் ஃபீனிக்ஸ் வட்டார வீட்டு விலை உச்சியைத் தொட்டது. 2011-க்குள் பாதிக்கு மேல் கரைந்துபோனது. ஓராண்டில் 60 ஆயிரம் தனி வீடுகளுக்கு அனுமதி கொடுத்துக்கொண்டிருந்த வட்டாரத்தில் அந்த எண்ணிக்கை பத்தாயிரத்துக்கும் கீழே இறங்கியது. ரோடு போட்டு, தெருவிளக்கு நட்டு, மனைக்கல் ஊன்றி, வீடு மட்டும் வராத லே-அவுட்கள் பாலைவனத்தில் அப்படியே கிடந்தன. அவற்றில் பலவற்றுக்கு ஒரு சான்றிதழ் கையில் இருந்தது: இங்கே கட்டப்போகும் வீடுகளுக்கு நூறு ஆண்டுகளுக்குத் தண்ணீர் உண்டு என்று மாநில அரசு எழுதிக்கொடுத்த சான்றிதழ்.

வீடு வரவில்லை, சரி. அதற்கென்று கணக்கில் எழுதிய தண்ணீர் என்ன ஆனது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், ஒரு வட்டாரத்தில் தண்ணீர் யாருக்கு முதலில் என்ற வரிசையை வீட்டுச் சந்தை எந்த அளவுக்கு அமைக்கிறது என்பது தெரியவரும்.

முதலில் அந்த வரிசை. நம்மூரில் பழைய ஆயக்கட்டு, புதிய ஆயக்கட்டு என்று பிரித்துப் பேசுகிறோம் அல்லவா? ஆற்றுநீரை முதலில் பாசனத்துக்கு எடுத்தவனுக்கு முதல் உரிமை, அணை கட்டிய பிறகு வந்தவனுக்கு அதற்கு அடுத்த இடம். அமெரிக்க மேற்குப் பகுதியின் நீர்ச்சட்டமே இந்தக் கருத்தின் மேல்தான் நிற்கிறது, நம்மைவிடக் கறாராக. 1928-ல் கொலராடோ ஆற்றின் கீழ்ப்படுகைத் தண்ணீரைப் பிரித்தபோது கலிஃபோர்னியாவுக்கு ஆண்டுக்கு 44 லட்சம் ஏக்கர் அடி, அரிசோனாவுக்கு 28 லட்சம், நெவாடாவுக்கு 3 லட்சம் என்று பிரித்தார்கள். ஓர் ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர்தான் ஓர் ஏக்கர் அடி. நமக்குப் பழகிய கணக்கில் சொன்னால் முறையே 192, 122, 13 டிஎம்சி. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93 டிஎம்சி சொச்சம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் அளவு பிடிபடும்.

அரிசோனா தன் பங்கில் பெரும்பகுதியைப் பாலைவனத்தின் நடுவே இருக்கும் ஃபீனிக்ஸுக்கும் டூசானுக்கும் கொண்டுபோக ஒரு கால்வாய் கேட்டது. 1968-ல் நாடாளுமன்றம் அனுமதி தந்தது, ஆனால் ஒரு நிபந்தனையோடு. கலிஃபோர்னியா உறுப்பினர்களின் ஓட்டு வேண்டுமானால், ஆறு வற்றும் காலத்தில் இந்தக் கால்வாயின் தண்ணீர் கலிஃபோர்னியாவின் பங்குக்குப் பின்னால் நிற்க வேண்டும். அரிசோனா ஒத்துக்கொண்டது. 336 மைல் நீளத்துக்கு, மேட்டில் தண்ணீரை ஏற்றி ஏற்றிக் கொண்டுபோகும் அந்த மத்திய அரிசோனா கால்வாய் 1993-ல் முடிந்தது. ஆண்டுக்குச் சுமார் 65 டிஎம்சி கொண்டுபோகலாம். பிறக்கும்போதே புதிய ஆயக்கட்டாகப் பிறந்த கால்வாய் அது.

கால்வாய்க்குள்ளும் ஒரு வரிசை உண்டு. பழங்குடிகளும் நகரங்களும் மேலே, விவசாயம் கீழே. இது விவசாயிகள் தாங்களே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்ட இடம் என்பது கதையின் வினோதமான பகுதி. தொண்ணூறுகளில் கால்வாய்த் தண்ணீருக்கு விவசாயிகளால் விலை கொடுக்க முடியவில்லை. பாசன மாவட்டங்கள், அதாவது அந்தந்தப் பகுதி வயல்களுக்குத் தண்ணீர் கொண்டுதரும் அமைப்புகள், கடனில் மூழ்கின, சில திவாலும் ஆயின. 2004-ல் மத்திய அரசு, மாநிலம், கிலா ஆற்றுப் பழங்குடிச் சமூகம் எல்லாரும் சேர்ந்து ஒரு பெரிய உடன்படிக்கைக்கு வந்தார்கள். அதில் பாசன மாவட்டங்கள் கால்வாயின் மீதிருந்த நீண்டகால உரிமையை விட்டுக்கொடுத்தன. பதிலுக்குக் கடன் தள்ளுபடி, அப்புறம் 2030 வரைக்கும் மலிவு விலையில் மிச்சத் தண்ணீர். 2030 என்று ஏன் போட்டார்கள்? அதற்குள் இந்த வயல்களில் பெரும்பாலானவை எப்படியும் வீடாகிவிடும் என்ற நினைப்பு அந்த ஆண்டுக்கணக்குக்குப் பின்னால் இருந்தது என்றே நான் படிக்கிறேன். 2004-ல் அப்படி நினைக்காதவர் யார்?

இனி நிலத்தடி நீர். பருத்திக்காக உறிஞ்சி உறிஞ்சி, பினாலில் எலாய் என்ற ஊரில் நிலமே 15 அடி கீழே உட்கார்ந்துவிட்டது. "இதைக் கட்டுப்படுத்தாவிட்டால் கால்வாய்க்குப் பணம் கிடையாது" என்று மத்திய அரசு மிரட்டிய பிறகுதான், 1980-ல் ஆளுநர் புரூஸ் பாபிட் காலத்தில் அரிசோனா நிலத்தடி நீர்ச் சட்டம் கொண்டுவந்தது. கட்டுப்பாட்டு வட்டாரங்களில் புதிதாக ஒரு காணி நிலத்தைக்கூடப் பாசனத்துக்குக் கொண்டுவரக் கூடாது. வீட்டு மனை போட்டால் நூறு ஆண்டுக்குத் தண்ணீர் உண்டென்று காட்ட வேண்டும். ஃபீனிக்ஸ், டூசான் வட்டாரங்கள் 2025-க்குள் இறைப்பதும் ஊறுவதும் சமமாகும் நிலைக்கு வர வேண்டும். பினாலுக்கு மட்டும் வேறு இலக்கு: முடிந்தவரை விவசாயத்தைக் காப்பாற்று, ஆனால் எதிர்கால வீடுகளுக்கும் கொஞ்சம் மிச்சம் வை. ஒரே வாக்கியத்தில் இரண்டு மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்கிற மாதிரி.

2025 இலக்கை எட்டுவோம் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது? வீடுகளிடமிருந்துதான். அங்கே ஓர் ஏக்கர் குதிரைமசால் ஆண்டுக்குச் சுமார் ஆறடி உயரத் தண்ணீர் குடிக்கும். அதே ஏக்கரில் நான்கு வீடு கட்டினால் பெரும்பாலும் அதில் பாதிகூட ஆகாது. ஆக, ஒவ்வொரு வயலும் வீடாக மாற மாற தண்ணீர் மிச்சமாகும் என்பது கணக்கு. கணக்கு சரிதான். மாநிலத்தின் மக்கள்தொகை 1950-களிலிருந்து பல மடங்கு பெருகியும் மொத்தத் தண்ணீர்ச் செலவு ஏறக்குறைய அதே அளவில்தான் நிற்கிறது. இன்றைக்கும் செலவாகும் நீரில் 70 சதவீதத்துக்கு மேல் வயலுக்கே போகிறது.

இந்தக் கணக்கு சொல்லாமல் விடுகிற ஒன்று இருக்கிறது. வறட்சி வந்தால் ஒரு போகத்தை விட்டுவிட்டு வயலைத் தரிசாகப் போடலாம். விவசாயிக்கு நட்டம், ஆனால் அடுத்த ஆண்டு நிலம் அங்கேயேதான் இருக்கும். வீட்டைத் தரிசு போட முடியாது. குழாயைத் திறந்தால் இன்றைக்குத் தண்ணீர் வர வேண்டும். ஆகவே வயலை வீடாக்கும்போது மொத்தச் செலவு குறைகிறது, ஆனால் தேவைப்பட்டபோது வளைந்துகொடுத்த பகுதி காணாமல் போகிறது. அரிசோனாவில் வீடுகள் தரிசாகக் கிடந்ததும் உண்டு. அது 2008-ல், மழை பொய்த்ததால் அல்ல, வங்கி ஜப்தி செய்ததால்.

அந்த ஆண்டுகளில் நடந்ததை இனிப் பார்க்கலாம். பினாலில் வயல்களை மனை வியாபாரிகள் ஏற்கெனவே வாங்கிப்போட்டிருந்தார்கள். சந்தை படுத்ததும் அதே நிலத்தை விவசாயிகளுக்கே குத்தகைக்கு விட்டார்கள். குத்தகைப் பணத்தைவிட முக்கியமான காரணம், விவசாய நிலம் என்ற வகைப்பாடு இருந்தால் சொத்து வரி மிகக் குறைவு. பட்டா கட்டட கம்பெனியின் பெயரில், பருத்தி பழைய விவசாயியின் கையில். கட்டாத வீட்டுக்கு ஒதுக்கிய தண்ணீர் இப்படி மறுபடியும் வயலுக்குப் போனது. நகரங்கள் தொடாத கால்வாய்ப் பங்கில் ஒரு பகுதியை மாநிலத்தின் நீர் வங்கி வாங்கி, மணற்படுகைகளில் விட்டு நிலத்தடியில் சேமித்தது. 1996-லிருந்தே செய்துவந்த வேலைதான். தண்ணீர் இருக்கிறது, கேட்க ஆளில்லை என்ற நிலை. எல்லாருக்கும் மூச்சு விட நேரம் கிடைத்தது.

பணம் மட்டும் கிடைக்கவில்லை. கால்வாய் நிர்வாகத்தின் வருமானத்தில் ஒரு பங்கு மூன்று மாவட்டங்களின் சொத்து வரியிலிருந்து வருவது. சொத்தின் மதிப்பு பாதியானால் வரியும் கூடவே இறங்கும். நதிநீர்ப் பங்கு இல்லாத புறநகர் லே-அவுட்களுக்கென்று 1993-ல் ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். வீடுகளுக்கு ஆழ்துளைக் கிணற்றிலிருந்து இறைத்துக்கொள்ளலாம். இறைத்த அளவுக்கு ஒரு பொது அமைப்பு வேறெங்கிருந்தாவது தண்ணீர் வாங்கி நிலத்தடியில் திரும்ப ஊற்றிவிடும், செலவு வீட்டுக்காரர் தலையில். திரும்ப ஊற்றுவது அதே வட்டாரத்தில் இருந்தால் போதும், அதே கிணற்றடியில் இருக்க வேண்டியதில்லை. கிழக்கே உறிஞ்சி மேற்கே ஊற்றலாம். அந்த அமைப்புக்குப் புதுத் தண்ணீர் வாங்கும் பணம் புது மனைகள் சேரும்போது கட்டும் கட்டணத்திலிருந்தும் வர வேண்டும். மனை சேரவில்லை என்றால்?

இதன் முழு உருவம் பக்கத்து மாநிலமான நெவாடாவில் தெரிந்தது. அந்த மாநிலத்துக்கு ஆண்டுக்கு 13 டிஎம்சிதான் பங்கு, அதில் பெரும்பகுதி லாஸ் வேகாஸ் பள்ளத்தாக்குக்கு. அந்த ஊரின் கிட்டத்தட்ட எல்லாத் தண்ணீரும் கொலராடோ ஆற்றின் அணை நீர்த்தேக்கமான மீட் ஏரியிலிருந்து வருகிறது. ஏரி இறங்கிக்கொண்டே போனதால், இன்னும் ஆழத்திலிருந்து உறிஞ்ச மூன்றாவது சுரங்கக் குழாய் ஒன்றை 2008-ல் தொடங்கினார்கள். முடிக்க 2015 ஆயிற்று, சுமார் 82 கோடி டாலர் பிடித்தது. இந்த மாதிரி வேலைகளுக்கு அங்கே பெரிய வரும்படி, புது வீட்டுக் குழாய் இணைப்புக்கு வாங்கும் கட்டணம். ஊர் வளரும்போது வளர வருகிறவர்களே வளர்ச்சிக்குக் காசு கட்டட்டும் என்பது தத்துவம், கேட்க நியாயமாகவே இருக்கும். ஆனால் லாஸ் வேகாஸில் வீட்டு விலை உச்சியிலிருந்து 60 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. புது வீடே இல்லை. பத்தில் ஒரு பங்குகூடத் தேறாத அளவுக்கு அந்தக் கட்டணம் வறண்டது. சுரங்கம் தோண்டும் இயந்திரமோ ஏரிக்கடியில் பாதிவழியில் நிற்க முடியாது. 2012-ல் பழைய குடியிருப்பாளர்கள், கடைக்காரர்கள் எல்லாருடைய பில்லிலும் கூடுதல் கட்டணம் ஏறியது. தீயணைப்புக் குழாய்க்கென்று தனி மீட்டர் வைத்திருந்த சிறு கடைகளுக்கும் தேவாலயங்களுக்கும் பில் பல மடங்கானது. ஒரு சொட்டுக்கூட ஓடாத குழாய்க்கு இவ்வளவா என்று சண்டை போட்டார்கள், கட்டணத்தைத் திருத்த வேண்டிவந்தது.

லாஸ் வேகாஸைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும், நியாயத்துக்காக. அந்த ஊர் தண்ணீரின் வரிசையை வேறு விதமாக அடுக்கியது. வீட்டுக்குள் ஓடும் தண்ணீர் சாக்கடை வழியே சுத்திகரிப்பு நிலையம் போய் மறுபடி ஏரிக்கே திரும்புகிறது, திரும்பிய அளவுக்குப் புதிதாக எடுத்துக்கொள்ளலாம். புல்வெளிக்கு விடும் தண்ணீர்தான் திரும்பாமல் வெயிலில் போகிறது. ஆகவே எதிரி குளியலறை இல்லை, புல். 1999-லிருந்தே புல்லைப் பிடுங்கினால் சதுர அடிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தார்கள். 2003-ல் புது வீடுகளின் முன்பக்கம் புல் போடத் தடை வந்தது. 2021-ல் அலங்காரப் புல்லுக்கு எதிராக மாநிலச் சட்டமே வந்தது. 2002-க்குப் பிறகு பல லட்சம் பேர் கூடியும் ஆற்றிலிருந்து அவர்கள் எடுக்கும் நிகர அளவு குறைந்திருக்கிறது. சரிவு வரட்டும் வராமல் போகட்டும், நிற்காமல் நடந்த வேலை இது. அரிசோனாவில் இந்தத் தொடர்ச்சி தெரியவில்லை.

சரிவின் நடுவே எழுதிய ஒரு காகிதம் பிற்பாடுதான் பேசியது. 2007 டிசம்பர் 13, வீட்டுக்கடன் நெருக்கடி முற்றிக்கொண்டிருந்த வாரங்கள். கொலராடோ ஆற்றில் பற்றாக்குறை வந்தால் யாருக்கு எவ்வளவு வெட்டு என்ற விதிகளில் மத்திய அமைச்சர் டர்க் கெம்ப்தார்ன் கையெழுத்திட்டார். இடம், பொருத்தமாக, லாஸ் வேகாஸ். மீட் ஏரியின் நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து 1,075 அடிக்குக் கீழே போனால் முதல் வெட்டு. 2019-ல் கூடுதல் வெட்டுகளையும் சேர்த்துக்கொண்டார்கள். 2021 ஆகஸ்டில் முதன்முறையாகப் பற்றாக்குறை அறிவிக்கப்பட்டது. 2022-க்கு அரிசோனா இழந்தது 5,12,000 ஏக்கர் அடி, அதாவது 22 டிஎம்சி, மொத்தப் பங்கில் 18 சதவீதம். கலிஃபோர்னியா அந்த ஆண்டு ஒரு சொட்டும் இழக்கவில்லை. 1968-ல் வாங்கிய ஓட்டுக்கு 54 ஆண்டுகள் கழித்து விலை கொடுத்தார்கள்.

அந்த இழப்பின் பெரும்பகுதி விழுந்தது பினால் விவசாயிகள் மேல். 2030 வரை மிச்சத் தண்ணீர் என்று எழுதியிருந்தது, ஆனால் மிச்சமே இல்லையே. கால்வாய் அவர்கள் வயலை ஒட்டித்தான் ஓடுகிறது. நம்மூரில் கடைமடை என்பது கால்வாயின் கடைசியில் இருக்கும் நிலம். அங்கே காகிதத்தில் கடைசியில் இருப்பவன்தான் கடைமடை. மாற்றாக அவர்களுக்குப் புதுக் கிணறு தோண்ட மாநிலம் பண உதவி செய்தது. எதை நிறுத்துவதற்காகக் கால்வாய் வெட்டினார்களோ, அதையே செய்யச் சொல்லி. இதற்குள் 2019-லேயே பினாலின் நிலத்தடி நீர்க் கணக்கு வந்திருந்தது: நூறு ஆண்டில் 81 லட்சம் ஏக்கர் அடி பற்றாது. நிலத்தடி நீரை மட்டும் காட்டிப் புது மனைச் சான்றிதழ் வாங்கும் வழி அங்கே அதோடு அடைபட்டது.

2023 ஜூன் 1 அன்று ஆளுநர் கேட்டி ஹாப்ஸ் ஃபீனிக்ஸுக்கும் அதையே அறிவித்தார். நூறு ஆண்டுத் தேவையில் சுமார் 4 சதவீதம், அதாவது 48.6 லட்சம் ஏக்கர் அடி, நிலத்தடியில் இருக்காது. கிணற்றை மட்டும் நம்பும் புது மனைகளுக்கு இனிச் சான்றிதழ் இல்லை. உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி ஆனது. ஃபீனிக்ஸில் வீடு கட்டுவது முடிந்தது, விலை சரியப்போகிறது என்று சிலர் எழுதினார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஆண்டுகளில் வீட்டு விலையை ஆட்டிவைத்தது தண்ணீரைவிட வட்டிதான். 2021-ல் 3 சதவீதத்தை ஒட்டியிருந்த 30 ஆண்டு வீட்டுக்கடன் வட்டி, 2023 அக்டோபரில் 7.79 சதவீதத்துக்கு ஏறியது.

தண்ணீர் அறிவிப்பு ஏன் சந்தையை உலுக்கவில்லை? ஒன்று, ஏற்கெனவே சான்றிதழ் வாங்கி வைத்திருந்து கட்டாத மனைகள் ஏறக்குறைய 80 ஆயிரம் இருந்தன. கொடுத்த சான்றிதழ் சந்தை படுத்ததற்காக ரத்தாகிவிடாது. இன்னொன்று, பழைய நகரங்களுக்கு இந்தத் தடை பொருந்தாது. ஃபீனிக்ஸ், டெம்பி, மேசா, அப்புறம் சிப் வேலைக்கும் மென்பொருள் வேலைக்கும் போன நம்மவர்கள் குடியிருக்கும் சாண்ட்லர் எல்லாம் 1911-ல் முடிந்த ரூஸ்வெல்ட் அணையின் பழைய ஆயக்கட்டில் உட்கார்ந்திருக்கும் ஊர்கள். நூறாண்டுத் தண்ணீர் உறுதி மொத்த நகரத்துக்கும் இருக்கிறது. அடி வாங்கியவை விளிம்பிலிருக்கும் பக்கையும் குவீன் கிரீக்கும். பக்கையில் 2000-ல் 6,537 பேர், 2020-ல் 91,502 பேர்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இந்த விளிம்புதான். 2008-ல் விலை அதிகம் விழுந்தது நகரத்தை விட்டுத் தள்ளிப்போன இந்த ஊர்களில். கடன் வரிசையில் கடைசி ஆட்களை ஏற்றிக்கொண்டவை அவை. தண்ணீர் வரிசையிலும் அவையே கடைசி. மலிவு மனை என்று விளம்பரம் செய்தபோது, அந்த மலிவுக்குள் நீர் உரிமை இல்லாத குறையும் அடங்கியிருந்தது. மனையின் விலைப்பலகையில் அதை யாரும் தனியாக எழுதவில்லை. ஸ்காட்ஸ்டேல் நகருக்கு வெளியே இருக்கும் ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸ் இதற்கு உச்ச உதாரணம். ஆறு மனைக்குக் குறைவாகப் பிரித்தால் நூறாண்டு விதி பொருந்தாது என்ற ஓட்டையில் முளைத்த குடியிருப்பு. நம்மூர் அன்அப்ரூவ்ட் மனைகளின் சகோதரி என்று சொல்லலாம், வீடுகள் மட்டும் பங்களாக்கள். பல நூறு வீடுகளுக்கு ஸ்காட்ஸ்டேல் தண்ணீர் டேங்கர் லாரியில்தான் வந்துகொண்டிருந்தது. 2023 ஜனவரி 1 முதல் நகரம் நிறுத்திவிட்டது: எங்கள் ஊர்க்காரர்களுக்குத்தான் முதலில். தட்டையும் காகிதத் தட்டாக மாற்றி, மழைநீரைப் பிடித்துக் கழிப்பறைக்கு ஊற்றினார்கள். கடைசியில் மாநிலச் சட்டமன்றம் புகுந்து வழி செய்ய வேண்டியதாயிற்று.

பினாலிலும் பக்கையிலும் கட்டட கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. மனையாகப் பிரிக்காமல், ஒரே சர்வே எண்ணில் நூறு தனி வீடு கட்டி வாடகைக்கு விட்டால் விதி தொடாது. அப்படிக் கட்டினார்கள். தொழிற்சாலைக்கும் நூறாண்டுச் சான்றிதழ் தேவையில்லை. விதி வீடு வாங்குபவனைக் காப்பாற்ற எழுதியது, நிலத்தடி நீரைக் காப்பாற்ற எழுதியதல்ல என்பது இங்கே வெளிச்சமாகிறது.

2008 முதல் 2012 வரையான அந்த நான்கைந்து ஆண்டுகள்தான் வரிசையைத் திருத்தி எழுத ஏற்ற காலம் என்று இப்போது தோன்றுகிறது. மனை விலை தரையில் கிடந்தது. கட்டாத சான்றிதழ்களைத் திரும்ப வாங்கியிருக்கலாம், கிணற்றை நம்பிய லே-அவுட்களை நிறுத்தியிருக்கலாம். ஆனால் சந்தை விழுந்து கிடக்கும்போது எந்த அரசியல்வாதி கட்டட கம்பெனிக்கு இன்னொரு தடை போடுவார்? சந்தை எழுந்த பிறகோ வரிசையில் நிற்கும் ஆட்கள் அதிகம்.

2025 ஜூன் 30 அன்று ஹாப்ஸ் ஒரு புதுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். இரு கட்சியும் சேர்ந்து கொண்டுவந்தது. ஃபீனிக்ஸ், பினால் வட்டாரங்களில் ஒரு விவசாயி தன் பாசன உரிமையை நிரந்தரமாக விட்டுக்கொடுத்தால், அதைவிடக் குறைந்த அளவு நிலத்தடி நீரை அதே நிலத்தில் வரும் வீடுகளுக்கு எடுத்துக்கொள்ளலாம். 2023-ல் அடைத்த கதவில் வயலின் அளவுக்கு ஒரு திட்டிவாசல். கால்வாய்த் தண்ணீரை இழந்த பினால் விவசாயியிடம் விற்பதற்கு இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது, 1980-க்கு முன்னால் அவருடைய வயலில் பாசனம் நடந்தது என்ற பதிவு. அதற்கு எவ்வளவு விலை என்பதை, மறுபடியும், வீட்டுச் சந்தைதான் முடிவு செய்யும். அதே நேரத்தில் 2007-ல் கெம்ப்தார்ன் கையெழுத்திட்ட விதிகள் 2026-ன் முடிவோடு காலாவதியாகின்றன. வாங்கப்போகும் கட்டட கம்பெனியும் விற்கப்போகும் விவசாயியும் இன்றைக்கு விலை பேசுவது, அடுத்த விதியில் கால்வாய்க்கு எவ்வளவு வெட்டு விழும் என்று தெரியாமல்தான்.